பத்து சென்ட் மாத்திரைக்கு வலி கேக்குமா?

"எல்லாம் மனப்பிரமை"ன்னு ஒரு டயலாக் இருக்கு பாருங்க, அதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். முடியலைன்னு சொல்றவங்க வாயை அடைக்கிறதுக்கே பிறந்த வசனம். மனசு உடம்பை என்ன பண்ணும்னு ஆராய்ச்சி பண்ணவங்க இப்படி அலட்சியமாப் பேசுறதில்லை.

2008-ல ஜாமா மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. பாஸ்டன்ல 82 பேரைக் கூப்பிட்டு மணிக்கட்டுல கரண்ட் ஷாக் கொடுத்தாங்க. (எதுக்கெல்லாம் ஆள் கிடைக்குது பாருங்க!) பிறகு 'புது வலி நிவாரணி'ன்னு ஒரு மாத்திரை, மறுபடி ஷாக். பாதிப் பேர்கிட்ட மாத்திரை விலை இரண்டரை டாலர்னு சொன்னாங்க. மீதிப் பேர்கிட்ட தள்ளுபடி விலை, வெறும் 10 சென்ட். ரெண்டுமே மருந்து இல்லாத டம்மி மாத்திரைதான். ஆனா வலி குறைஞ்சதுன்னு சொன்னவங்க காஸ்ட்லி கோஷ்டியில 85 சதவீதம், மலிவு கோஷ்டியில 61.

இந்த ஆய்வுக்கு அதே வருஷம் இக் நோபல் கொடுத்துச் சிரிச்சாங்க. ஆய்வாளர்கள்ல ஒருத்தரான டான் ஏரியலியோட வேறொரு கட்டுரை, போலித் தரவுன்னு 2021-ல வாபஸ் ஆச்சு. அதனால இது ஒண்ணை மட்டும் வச்சு நான் கம்பு சுத்தப் போறதில்லை. நியூசிலாந்துக்கு வாங்க.

அங்க 2007-ல எல்ட்ராக்சின்கிற தைராய்டு மாத்திரை தயாரிப்பு கனடாவிலிருந்து ஜெர்மனிக்கு மாறுச்சு. உள்ள இருக்கிற மருந்து அதேதான், தோற்றமும் சேர்மானமும்தான் வேற. அதுவரை 30 வருஷத்துல பக்கவிளைவுப் புகார் மொத்தம் 14. அடுத்த 18 மாசத்துல 1400-க்கும் மேல! டிவியில செய்தி வர வர புகாரும் ஏறுச்சு. பேக்கெண்ட்ல ஒரு வரி மாத்தாம பட்டன் கலரை மட்டும் மாத்தினா, "புது வெர்ஷன் ஸ்லோ"ன்னு மெயில் வரும்ல, அதே கதை. என்ன, இங்க அவஸ்தைப்பட்டது நிஜ உடம்பு.

இப்போ எங்க அத்தைகிட்ட வருவோம். பிரஷருக்கு மலிவு மருந்துக் கடையில மாத்திரை வாங்கிக் கொடுத்தா, "இந்த வெலைக்கு இது என்னத்தக் கேக்கப் போவுது"ம்பாங்க. ரெண்டு நாள் தலை சுத்துச்சுன்னா பழி மாத்திரை மேல. நிறுத்திடுவாங்க. வலியாவது நம்பிக்கைக்குக் கொஞ்சம் மசியும். பிரஷரை மாசக்கணக்கா கட்டுக்குள்ள வைக்க உள்ள மருந்து போயாகணும். நிறுத்தினா பக்கவாதத்துல கொண்டு விடும். எனக்குக் கவலையே இதுதான்.

2025 பிப்ரவரியில 1000 முதல்வர் மருந்தகம் திறந்தாங்க. நல்ல விஷயம். ஆனா விலையை மட்டும் போர்டு போட்டுச் சொன்னாப் போதாதுங்கிறது என் கட்சி. இது என்ன மருந்து, பழைய மாத்திரையும் இதுவும் ஏன் ஒண்ணு, நிறம் ஏன் வேறன்னு கடைக்காரர் நாலு வார்த்தை சொல்லணும். தரப் பரிசோதனை முடிவைக் கேக்கிறவங்களுக்குக் காட்டணும். அத்தை மாதிரி ஆளுங்க சந்தேகப்படுறது முட்டாள்தனம் இல்லைங்க, தரமில்லாத மருந்துன்னு அடிக்கடி பேப்பர்ல படிக்கிறவங்கதானே.

முக்கியமா டாக்டருங்க. "கம்பெனி மாத்திரையே வாங்குங்க"ன்னு சீட்டைக் கிழிச்சுக் கொடுக்கும்போது போகிற போக்குல சொல்றாங்க பாருங்க, அந்த ஒரு வரி அத்தைகிட்ட என்னோட ஒரு மணி நேரப் பிரசங்கத்தை அடிச்சுத் தூக்கிடுது.