குழாய்த் துளைக்கு ராடு மட்டும் போதாது

பழைய இரும்புக் குழாயை வேறு வேலைக்கு எடுக்கும்போது, முன்பு போல்ட் நகர்வதற்காக வெட்டிய நீளத் துளை இடைஞ்சலாக நிற்கும். அதை அடைக்கப் பட்டறைக்குக் கொண்டு போனால், பல இடங்களில் வெல்டிங் ராடை ஒன்றன்மேல் ஒன்றாக உருக்கி ஊற்றி, கிரைண்டரால் தேய்த்து வழவழப்பாகக் கொடுத்து விடுகிறார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே கசடும் காற்றுக் குமிழும் அடைபட்டிருக்கும். விவசாயி கூலி கொடுப்பது பார்வைக்காக அல்ல.

40 மி.மீ. மீடியம் குழாயின் சுவர் கனம் சுமார் 3.2 மி.மீ. தான். விரல் அகலத் துளையை வெறும் ராடால் நிரப்பினால், அடியில் தாங்க ஒன்றும் இல்லாமல் உருகிய இரும்பு உள்ளே சொட்டும். ஓரம் எரிந்து துளை பெரிதாகும். போதாக்குறைக்கு, ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கி, குழாயையே அந்தப் பக்கமாக வில் போல் வளைத்து விடும்.

சரியான வழி கடினமானதல்ல. அதே அளவுக் குழாயின் வெட்டுத் துண்டிலிருந்து துளைக்குப் பொருந்தும் பட்டையை எடுத்தால் வளைவும் கனமும் ஒத்துப் போகும். துருவையும் பெயிண்டையும் பளபளக்கும் வரை தேய்த்து, ஓரங்களைச் சற்றுச் சரிவாக்கி, சுற்றிலும் 2 மி.மீ. அளவு இடைவெளி விட்டுப் பட்டையை வைத்து, முதலில் நான்கு இடங்களில் பொட்டு வைக்க வேண்டும். பிறகு 2.5 மி.மீ. ராடால் இங்கே ஓர் அங்குலம், எதிர்ப்புறம் ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றி, கசடைத் தட்டி எடுத்து, ஆறவிட்டுப் பற்ற வைக்கலாம். தண்ணீர் ஊற்றி அவசரமாக ஆற்றக் கூடாது. கூலி கொஞ்சம் கூடும், கொடுப்பதே லாபம்.

ஜி.ஐ. குழாயானால் இன்னொரு கவனம் தேவை. இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். மேலே பூசிய துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகி விடும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் போதும் என்பது வெறும் பட்டறைப் பேச்சு. துளையைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து நீக்கி, காற்றோட்டமான வெளியிடத்தில் வேலை செய்து, முடிவில் துத்தநாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

இத்தனை செய்தாலும், நீர்மூழ்கி மோட்டாரைத் தாங்கி ஆழ்துளைக் கிணற்றில் இறங்கும் குழாய்க்கு இந்த ஒட்டு வேலை ஆகாது. மோட்டார், குழாய், உள்ளே நிற்கும் தண்ணீர் எல்லாவற்றின் பாரமும் மேல் குழாயில் தொங்குகிறது. மோட்டார் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஓர் உதறல் வேறு. ஒட்டு விட்டால் போவது குழாய் மட்டுமல்ல, மோட்டாரும்தான். சில வேளை கிணறே பயன்படாமல் போகும். அங்கே புதுக் குழாய் வாங்குவதே சிக்கனம்.

கேட், பந்தல் கால், மாட்டுக் கொட்டகைத் தூண் போன்றவற்றுக்கு ஒட்டிய குழாய் தாராளமாக உதவும். ஆனால் இரு முனையும் மூடிய குழாயானால், துளையை முழுவதும் அடைக்குமுன் காற்றுப் போக வேறோர் இடத்தில் சிறு ஓட்டை போட்டுக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து, உருகிய இரும்பைப் பற்ற வைப்பவர் முகத்திலேயே பீய்ச்சி அடிக்கும்.