எலெக்ட்ரிக் கிட்டார் கத்துக்க ஆசையா? ‘முதல்ல அகூஸ்டிக்’ அட்வைஸை நம்பலாமா?

பல வீடுகளில் பரண் மேல் உறை போட்ட கிட்டார் ஒன்று தூங்கும். முதல் சம்பளத்திலோ தீபாவளி போனஸிலோ வாங்கியதாக இருக்கும். மூன்று மாதம் வாசித்த பிறகு, "ஆபீஸ் வேலையில டைமே இல்லைங்க" என்று மேலே ஏற்றியிருப்பார்கள். இது உலகம் முழுக்க நடப்பதுதான். முதல்முறை கிட்டார் வாங்குபவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் கைவிட்டுவிடுகிறார்கள் என்று, ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஆண்டி மூனி சொல்லியிருக்கிறார். விற்பவரே சொன்ன கணக்கு!

நேரமின்மை ஒரு காரணம்தான். ஆனால், எலெக்ட்ரிக் வாசிக்க ஆசைப்பட்டவர் விஷயத்தில் இன்னொரு குற்றவாளியும் உண்டு. "முதல்ல அகூஸ்டிக்ல கத்துக்கோ, விரல் உரமேறட்டும். அப்புறம் எலெக்ட்ரிக் வாங்கிக்கலாம்" என்ற அட்வைஸ்தான் அது.

கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால், ஸ்கூட்டி ஓட்ட வந்தவரை முதலில் லாரி ஓட்டச் சொல்வது போன்றது இது.

விரல் ஏன் வலிக்கிறது?

அகூஸ்டிக்கில் மரப்பெட்டியே அதிர்ந்து சத்தம் தர வேண்டும். அதற்குத் தடிமனான, இறுக்கமான கம்பிகள் தேவை. வழக்கமான அகூஸ்டிக் செட்டில் மிக மெல்லிய கம்பியே சுமார் 0.30 மி.மீ. எலெக்ட்ரிக்கில் அதே கம்பி சுமார் 0.23 மி.மீ.தான். காந்தத்தில் செம்புக் கம்பி சுற்றிய ‘பிக்கப்’, எஃகுக் கம்பியின் அதிர்வைச் சிறு மின்சாரமாக மாற்றுகிறது. அதைப் பெரிதாக்குவது ஆம்ப்பின் வேலை. அதனால் விரல் அவ்வளவு அழுத்த வேண்டியதில்லை. முதல் இரண்டு, மூன்று வாரம் இதிலும் வலிக்கும். ஆனால், தாங்கக்கூடிய வலி.

கம்பியை வளைத்து ஸ்வரத்தை இழுப்பதும் இதில் சுலபம். பிரசன்னா கர்னாடக இசையை எலெக்ட்ரிக் கிட்டாரில் கமகத்தோடு வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். இன்னொரு வசதி, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ராத்திரி 11 மணிக்கும் வாசிக்கலாம். அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்ட மாட்டார்.

பாட்டுப் பாடிக்கொண்டே கார்டு வாசிக்க மட்டும் ஆசை என்றால் அகூஸ்டிக்கே போதும். அவருக்கு இந்த விவாதமே தேவையில்லை.

கடையில் என்ன பார்க்கணும்?

பட்ஜெட் 20,000 ரூபாய் என்றால், மொத்தத்தையும் கிட்டாரிலேயே போடுவது தப்பு. சின்ன ஆம்ப் அல்லது ஹெட்ஃபோன் ஆம்ப், கேபிள், ஒரு செட் கம்பி, முக்கியமாக ‘செட்டப்’ செலவு, இவற்றுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். செட்டப் என்பது கழுத்தின் வளைவு, கம்பியின் உயரம், சுருதி மூன்றையும் சரிசெய்யும் வேலை. பலரும் இதை வீண் செலவு என்று நினைக்கிறார்கள். உண்மையில், செட்டப் செய்த விலை குறைந்த கிட்டார், செட்டப் செய்யாத விலை உயர்ந்த கிட்டாரைவிட நன்றாக வாசிக்க வரும். 12-வது ஃப்ரெட்டில் கம்பி 2 மி.மீ.க்கு மேல் தூக்கி நின்றால், புதியவர் தன் விரலைத்தான் குறை சொல்லிக்கொள்வார், பாவம்.

கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டிப் பார்க்கலாம். ஃப்ரெட் முனைகள் கீறினால் வேண்டாம். 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்த ஸ்வரமும், அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பிய ஸ்வரமும் ட்யூனர் ஆப்பில் ஒன்றாகக் காட்ட வேண்டும். லோகோ, கலர் எல்லாம் இதற்குப் பிறகு. ஸ்குவையர், யமஹா பசிஃபிகா, எபிஃபோன் என எதுவானாலும் இந்தச் சோதனை பொதுவானது. இரு பக்கமும் ஆடும் ‘ஃப்ளோட்டிங்’ பிரிட்ஜ் உள்ளதைத் தவிர்ப்பது நல்லது. அதில் ஒரு கம்பியைத் திருகினால் மற்ற ஐந்தும் சுருதி மாறும்.

செகண்ட் ஹேண்டும் மோசமில்லை. பரணிலிருந்து இறங்கி விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் அதிகம் வாசிக்கப்படாதவை. வாசிக்கத் தெரிந்த நண்பரைக் கூட்டிப் போனால் போதும்.

முதல் மாதம்

ஞாயிறன்று மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் 20 நிமிடம் மேல். முதலில் சுருதி சேர்க்கப் பழக வேண்டும். பிறகு இரண்டே விரலில் வரும் பவர் கார்டு. ராக் பாடல்கள் பலவற்றுக்கு அதுவே அஸ்திவாரம். மெட்ரோனோமை 60-ல் வைத்து, டிஸ்டார்ஷன் போடாமல் வாசித்துப் பார்ப்பது கொஞ்சம் போரடிக்கும். ஆனால், எந்தக் கம்பி சரியாக ஒலிக்கவில்லை என்று அப்போதுதான் காதில் விழும்.

சென்னை மாதிரி கடலோர ஊர்களில் வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, உறைக்குள் போடாமல், கண்ணில் படும் இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்திவைக்கலாம்.