கவனம் போதாது என்று சொல்லாதீர்கள்

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கல்லூரிப் பையன் காசு வாங்காமல் பராமரிப்புக் கணக்குப் பக்கம் எழுதிக் கொடுத்தான். மூன்றாம் மாடி அம்மா 2,500 ரூபாய் கட்டினார். பதிவுப் பொத்தானை அழுத்தியதும், கட்டிய தொகை வர வேண்டிய இடத்தில் 'எண் அல்ல' என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துகள் வந்தன. ரசீதும் கையுமாக வீடு வீடாகக் கேட்டார், பாவம்.

கூட்டத்தில் பையனைக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். "எங்க காலத்துல நாலு தரம் படிச்சுப் பார்ப்போம். கவனம் போதாது" என்றார் ஒருவர். அவரும் என்னைப்போல் புரோகிராம் எழுதி ஓய்வு பெற்றவர். அதனால்தான் எனக்குக் கோபம்.

தவறு நடந்த இடம் ஜாவாஸ்கிரிப்டின் 'திஸ்' என்ற சொல். 'நம்ம வீட்டு கரண்ட் பில்லைக் கட்டிடு' என்று ஒரு சீட்டு எழுதுகிறேன். என் மகன் கையில் போனால் என் வீட்டு பில். பக்கத்து வீட்டுப் பையன் கையில் போனால் அவன் வீட்டு பில். சீட்டில் பிழையே இல்லை. 'திஸ்' அப்படித்தான்: எங்கே எழுதினோம் என்பதல்ல, யார் கூப்பிடுகிறார் என்பதே கணக்கு. பையன் எழுதிய ஃபங்ஷனைப் பொத்தான் கூப்பிட்டது, 'திஸ்' பொத்தானாகிவிட்டது. பொத்தானுக்கு ஏது 'கட்டிய தொகை'? இல்லாத ஒன்றோடு 2,500-ஐக் கூட்டியும் மொழி ஒரு வார்த்தை முனகவில்லை. பிரெண்டன் ஐக் 1995-ல் பத்தே நாளில் முதல் வடிவம் செய்த மொழி அது.

இதை நாற்பது தரம் படித்தாலும் தெரியாது. எழுதியவன் நினைத்ததைத்தான் கண் படிக்கும்.

விஎஸ் கோட் எடிட்டர் இலவசம். கோப்பின் முதல் வரியில் இரண்டு சாய்கோடு போட்டு '@டிஎஸ்-செக்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், மைக்ரோசாஃப்ட் 2012-ல் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்டின் சரிபார்ப்பு வேலை செய்யும். பையனோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அதே வரியில் சிவப்பு அலைக்கோடு: இந்தப் பொருளுக்கு அப்படி ஒரு பண்பு இல்லை. 2015-ல் மொழியில் சேர்ந்த ஆரோ ஃபங்ஷனாக மாற்றினோம். தொகை சரியாக வந்தது.

எல்லாவற்றையும் இது பிடிக்காது. ஏற்கெனவே உள்ள மெத்தடைப் பெயர் சொல்லிப் பொத்தானிடம் கொடுத்தால் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடும். அதற்கு வேறு சரிபார்ப்பான் வேண்டும். அதற்காகக் கிடைப்பதை வேண்டாம் என்பதா?

அடுத்த கூட்டத்தில் பையனிடம் வருத்தம் தெரிவிக்கும் தீர்மானத்தை நானே கொண்டுவரப் போகிறேன். 'கவனம் போதாது' என்றவர் முதலில் கை தூக்கட்டும்.