தகவலுக்கு கியூ போடுங்க, பணத்துக்கு ஒரு மனுஷனைப் போடுங்க



எண்ணூர் பக்கம் வந்தவங்களுக்கு இந்தக் காட்சி தெரியும். துறைமுகம் போற ரோட்டுல டிரெய்லர் லாரி வரிசையா நிக்கும். கேட்ல ஒரு நேரத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் உள்ள விடுவாங்க. மத்த வண்டி காத்திருக்கும். லேட் ஆகலாம், ஆனா எந்த வண்டியும் காணாமப் போகாது.

ஆபீஸ் ஆப்களுக்கு நடுவுல இதே வேலையைச் செய்றதுதான் கிளவுட் மெசேஜ் கியூ. ஒரு ஆப் தகவலை வரிசையில விடும். இன்னொரு புரோகிராம் தன்னால முடிஞ்ச வேகத்துல ஒவ்வொண்ணா எடுக்கும்.

கோடிங் படிக்காதவங்களே சோஹோ கிரியேட்டர் மாதிரி லோ-கோட் தளத்துல ஆப் பண்ணி, அமேசான் எஸ்கியூஎஸ் மாதிரி ஒரு கியூவோட இணைக்கிற காலம் இது. ஆப்ல ஒரு வெப்ஹூக், நடுவுல ஏபிஐ கேட்வே, அப்புறம் கியூ, கடைசியா வேலையை முடிக்க ஒரு லாம்டா. சனி, ஞாயிறு உக்காந்தா முடிஞ்சிடும். முடிச்சா மேனேஜர்கிட்ட நல்ல பேரும் கிடைக்கும். அந்த நல்ல பேர் எங்க உடையும்னுதான் இன்னைக்கு பேசப் போறோம்.

நான் கணக்கு பாக்கிற ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி. அங்க அக்கவுண்ட்ஸ்ல ஒரு தம்பி, நம்ம நெட்டுக்குப்பம் பையன், பி.காம், சம்பளம் 22,000. டிரைவர் டிரிப் முடிச்சதும் போன்ல ஒரு பட்டன் அமுக்கினா பேட்டா நேரா அவர் அக்கவுண்டுக்குப் போற மாதிரி ஒரு லோ-கோட் ஆப் பண்ணான். ஆப்ல இருந்து கியூ, கியூல இருந்து பேங்க். டிரைவர் அண்ணன்களுக்கு ரொம்ப சந்தோஷம். ராத்திரி ரெண்டு மணிக்கு டிரிப் முடிஞ்சாலும் காசு வந்துடும்.

மாசக் கடைசியில பேங்க் ஸ்டேட்மெண்டையும் டிரிப் ஷீட்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். 14 டிரிப்புக்கு பேட்டா ரெண்டு தடவை போயிருந்தது. தலா 1,200, மொத்தம் 16,800 ரூபாய்.

யாரும் திருடலை. நடந்தது இதுதான். கியூல இருந்து ஒரு மெசேஜை எடுத்ததும் அது அழியாது, கொஞ்ச நேரம் மறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். வேலை முடிஞ்சதுன்னு சொல்லி நாமதான் அழிக்கணும். எஸ்கியூஎஸ்ல அந்த மறைவு நேரம், நாம மாத்தலைன்னா, 30 விநாடி. அதுக்குள்ள பேங்க்ல இருந்து பதில் வரலைன்னா மெசேஜ் திரும்ப வரிசையில தெரியும். புரோகிராம் அதைப் புதுசுன்னு நினைச்சு மறுபடியும் பணம் அனுப்பும். இது கோளாறு இல்லை. சாதாரண கியூ ஒரு மெசேஜை ‘குறைஞ்சது ஒரு தடவை’ கொடுக்கும்னுதான் உறுதி தருது. ‘ஒரே ஒரு தடவை’ன்னு சொல்லவே இல்லை.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். கடையில யூபிஐ பண்றீங்க, பெண்டிங்னு சுத்துது. அவசரத்துல மறுபடியும் அனுப்புறீங்க. ரெண்டும் போயிடுது. அந்த அவசரத்தைத்தான் தம்பியோட புரோகிராம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆள் இல்லாத நேரத்துல செஞ்சிருக்கு.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். டிரைவர்கள் அந்தக் காசை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. முதலாளி அடுத்த டிரிப் பேட்டாவுல மொத்தமா பிடிக்கலாம்னார். தம்பி, “என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க சார்”னு நின்னான். அவன் மாச வருமானத்துல முக்கால் பங்கு அது. ரெண்டும் வேண்டாம்னு சொன்னேன். டிரைவர்கள்கிட்ட பேசி, சின்னச் சின்னத் தவணையா திரும்ப வாங்கினோம். ஆனா அந்த ஒரு வாரம் ஆபீஸ்ல தம்பியை எல்லாரும் பாத்த பார்வை இருக்கே, அதுக்குத் தவணை கிடையாது.

இதையே பெரிய லிஸ்ட்ல யோசிங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவினப்போ, அரசு 2,301 குடும்பத்துக்கு 12,500, இன்னும் 6,700 குடும்பத்துக்கு 7,500, 787 படகுக்குத் தலா 10,000 ரூபாய்னு மொத்தம் 8.68 கோடி நிவாரணம் அறிவிச்சது. அந்தப் பணம் எந்த வழியில போச்சுங்கிறது இங்க பேச்சு இல்லை. கணக்குக்கு மட்டும் எடுத்துக்கோங்க: 9,001 குடும்பம் இருக்கிற லிஸ்ட்ல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போனாகூட, 90 வீட்டுக் கதவைத் தட்டி காசைத் திருப்பிக் கேக்கணும். தொழிலுக்கே போக முடியாம உக்காந்திருக்கிற வீட்டுல போய் அதை யார் கேக்கிறது?

அதனால என் கருத்து இதுதான்: தகவல் வாங்க கியூ வெச்சுக்கோங்க, பணம் அனுப்ப வேண்டாம்.

தகவலுக்கு அது அருமையான பொருள். அந்தப் புயல்ல வடசென்னையில பல இடத்துல நாள் கணக்கா கரண்ட் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் எழுந்திருக்காத நேரத்துலயும், வந்த டிரிப் விவரம் கிளவுட்ல பத்திரமா காத்திருக்கும். ஒண்ணு மட்டும் மாத்துங்க. எஸ்கியூஎஸ் தானா வெச்சிருக்கிறது 4 நாள்தான், அதிகபட்சம் 14 நாள். நம்ம ஊர் மழைக்கு 14-ஐயே வைங்க.

பணத்துக்கு, நாளுக்கு 50, 60 டிரிப் இருக்கிற கம்பெனிக்கு, சாயங்காலம் ஒரு லிஸ்ட் போதும். ஒருத்தர் தயார் பண்ணணும், இன்னொருத்தர் பாத்து பேங்க்ல அப்ரூவ் பண்ணணும். டிரைவர் அண்ணனுக்கு சில மணி நேரம் லேட் ஆகும், உண்மைதான். ஆனா கைக்கு வந்த காசை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க.

“இல்ல சார், ஆட்டோமேட்டிக்காதான் போகணும்”னு மேலிடம் சொல்லிட்டா, இதெல்லாம் இல்லாம கை வைக்காதீங்க:

1. ஒவ்வொரு பேமெண்டுக்கும் மாறாத ஒரே நம்பர். டிரிப் ஷீட் நம்பரே போதும். பணம் அனுப்புறதுக்கு முன்னாடி அந்த நம்பரை டேபிள்ல எழுதுங்க. ஏற்கெனவே இருந்தா நிறுத்துங்க. பேங்க் பதில் வரலைன்னா மறுபடி அனுப்பாம, அதே நம்பரை வெச்சு நிலவரம் கேளுங்க. “நான் ஃபிஃபோ கியூ போட்டிருக்கேன்”னு நிம்மதியா இருக்க வேண்டாம். அது டூப்ளிகேட்டைத் தடுக்கிறது 5 நிமிஷத்துக்குத்தான்.

2. மறைவு நேரத்தைக் கூட்டுங்க. லாம்டா வெச்சிருந்தா, அதோட டைம்அவுட்டைப் போல ஆறு மடங்கு வைக்கணும்னு அமேசானே சொல்லுது.

3. பல தடவை முயற்சி பண்ணியும் முடியாத மெசேஜ் தனியா ஒதுங்க ஒரு டெட் லெட்டர் கியூ. அதை தினமும் காலையில திறந்து பாக்க ஒரு ஆள். ஆள் இல்லைன்னா அது குப்பைத்தொட்டிதான்.

4. கியூவைக் கணக்குப் புத்தகமா நினைக்காதீங்க. கம்பெனிச் சட்டப்படி கணக்கை 8 வருஷம் வெச்சிருக்கணும். கியூ 14 நாள்ல மறந்துடும். 2023 ஏப்ரல் 1-ல இருந்து கம்பெனிகளோட அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்ல யார், எப்போ, எதை மாத்தினாங்கங்கிற தடம் கட்டாயம். ஆடிட்டர் கேட்டா, “கியூல இருந்துச்சு சார், போயிடுச்சு”ன்னு சொல்ல முடியாது.

5. உங்க சொந்த கிளவுட் அக்கவுண்ட், சொந்த கிரெடிட் கார்டு வேண்டவே வேண்டாம். பில்லுக்கு பயந்து சொல்லலை. மாசம் 10 லட்சம் ரிக்வெஸ்ட் இலவசம், அதுக்கு மேலயும் டீக்காசுதான். ஆனா கம்பெனிப் பணம் உங்க பேர்ல இருக்கிற குழாய் வழியா ஓடினா, கசிஞ்சதுக்கு முதல்ல கை காட்டுறது உங்களைத்தான்.

அந்தத் தம்பி இப்பவும் அங்கதான் இருக்கான். ஆப் ஓடுது, கியூவும் ஓடுது. டிரிப் விவரம் எல்லாம் அது வழியாதான் வருது. பேட்டா மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அவன் லிஸ்ட் எடுக்க, முதலாளி ஒவ்வொரு வரியா பாத்து அப்ரூவ் பண்ற மாதிரி மாத்தியாச்சு. போன மூணு மாசமா ஸ்டேட்மெண்டும் டிரிப் ஷீட்டும் ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லாம ஒத்துப் போகுது.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் உங்க ஆப்ல ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ஒரே மெசேஜை வேணும்னே ரெண்டு தடவை அனுப்பிப் பாருங்க. ரெண்டாவது தடவையும் பணம் கிளம்பினா, அன்னைக்கே அதை நிறுத்துங்க. அடுத்த வீடியோல பாக்கலாம்.