கூடிப் பயிலும் கடும்பயிற்சி

தனித்து நடப்பவனைக் காட்டிலும் துணையோடு நடப்பவன் விரைந்து நடப்பான். ஏற்றம் இறைப்போரும் நாற்று நடுவோரும் ஒருங்கு கூடிப் பாடித் தொழில் புரிந்தமை களைப்புத் தோன்றாமைப் பொருட்டே அன்றோ? இவ்வியல்பினை அளந்து காண முற்பட்டவர் அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளராகிய நார்மன் டிரிப்லெட் என்பவர். மிதிவண்டிப் பந்தயக் குறிப்புகளை ஆராய்ந்த அவர், தனித்து ஓட்டியவரினும் பிறரோடு போட்டியிட்டு ஓட்டியவர் விரைவில் மிக்கிருந்தமையைக் கண்டார். பின்னர்ச் சிறுவர் 40 பேரை அழைத்து, தூண்டில் நூல் சுற்றும் உருளையைத் தனித்தும் இணைந்தும் சுற்றச் செய்தார். அதன் முடிவை 1898-ஆம் ஆண்டில் வெளியிட்டார். துணை கண்டு விரைந்தோர் 20 பேர். பெரிதும் மாற்றமின்றி நின்றோர் 10 பேர். எஞ்சிய 10 பேரோ, வெல்லுதல் வேண்டும் என்னும் பதற்றத்தால் தடுமாறித் தம் இயல்பான வேகத்தையும் இழந்தனர். துணை எல்லார்க்கும் ஒருபடித்தாக உதவுவதன்று என்பது இதனால் விளங்கும்.

கூட்டமாகக் கூடிக் கடும்பயிற்சி செய்யும் கூடங்கள் இக்காலத்தில் உலகெங்கும் பெருகியுள்ளன. சென்னை முதலிய நம் நகரங்களிலும் அவை உண்டு. அவற்றுட் பெயர் பெற்றது, கிரெக் கிளாஸ்மன், லாரன் ஜெனாய் என்னும் இருவர் 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தோற்றுவித்த 'கிராஸ்ஃபிட்' என்னும் முறை. அன்றைய பயிற்சி பலகையில் எழுதப்பட்டிருக்கும். ஓட்டம், தண்டால், கயிறு தாண்டுதல், கம்பியைப் பற்றி மேலெழுதல், பளுத்தூக்கல் ஆகியன மாறி மாறி வரும். கடிகாரம் ஓடத் தொடங்கியதும் அனைவரும் ஒருங்கே தொடங்குவர். முடித்த நேரத்தை அவரவர் பெயருக்கு நேராகக் குறிப்பர். கடைசியாக முடிப்பவனை எள்ளி நகையாடாமல், முன்னரே முடித்தோர் சூழ்ந்து நின்று கைதட்டி ஊக்குவர். இவ்வழக்கம் பாராட்டத்தக்கது. தனியே பயிலத் தொடங்கிச் சின்னாளில் கைவிடுவோர் பலர், இத்தகைய தோழமையினால் ஆண்டுக்கணக்கில் விடாது பயின்று வருகின்றனர்.

இப்பயிற்சியினால் விளையும் நன்மை வெறும் புனைந்துரையன்று. ஜப்பானிய அறிஞர் இசூமி தபாட்டாவும் அவர் குழுவினரும் 1996-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். ஒரு சாரார் நிலைத்த மிதிவண்டியை வாரத்தில் ஐந்து நாள் 60 நிமிடம் மிதமான வேகத்தில் மிதித்தனர். மற்றொரு சாரார் 20 நொடி முழு வலிமையோடு மிதித்து 10 நொடி ஓய்வர். இவ்வாறு ஏழெட்டு முறை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் இதனோடு மென்பயிற்சியும் சேர்ந்தது. ஆறு வாரம் சென்றபின், உடல் உயிர்வளியை ஏற்றுப் பயன்படுத்தும் ஆற்றல் இரு சாரார்க்கும் உயர்ந்திருந்தது. உயிர்வளி போதாத கடுமுயற்சியில் உடலுக்குக் கைகொடுக்கும் ஆற்றலோ, பின்னவர்க்கே 28 விழுக்காடு உயர்ந்தது. கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வும் குறுகிய கடும்பயிற்சியின் பயனை உறுதி செய்கிறது. நேரமில்லை என்று சோம்பியிருப்போர்க்கு இனிச் சாக்குக் கூற இடமில்லை.

ஆயினும் ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. தபாட்டாவின் ஆய்வில் ஈடுபட்டோர் முன்னரே உடலுரம் வாய்ந்த இளைஞர். ஆய்வாளர் கண்முன்னே மிதித்தவர். மிதிவண்டியில் சோர்ந்தவனுக்கு வேகம் குறையும், அவ்வளவே. தலைக்குமேல் பளுவை ஏந்தி நிற்பவன் சோர்ந்தால் தோளும் முதுகும் ஊறுபடும். ஒன்றன் பயனைக் காட்டி மற்றொன்றன் தீங்கின்மையை நிறுவுதல் பொருந்தாது.

அமெரிக்க நாட்டில் அயோவாப் பல்கலைக்கழகத்துக் கால்பந்து வீரர்க்கு 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நேர்ந்ததைக் காண்க. அந்நாட்டுக் கால்பந்து முட்டி மோதி ஆடுவது; அதனை ஆடுவோர் வலிமை மிக்கவர். அவர்கள் சில வாரம் விடுமுறை கழித்துத் திரும்பியிருந்தனர். தாம் தாங்கவல்ல பளுவிற் பாதியைத் தோள்மேல் ஏற்றிக்கொண்டு, தோப்புக்கரணம் போல 100 முறை அமர்ந்தெழ வேண்டும் என்பது அவர்க்கு இட்ட பயிற்சிகளுள் ஒன்று. முடிக்கும் நேரமும் கணக்கிடப்பட்டது. அடுத்து வந்த சில நாட்களில் 13 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். அளவிறந்து உழைத்த தசைநார்கள் சிதைந்து, அவற்றினுள் இருக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் குருதியிற் கலந்தது. அப்புரதம் மிகுந்தால் சிறுநீரகம் பழுதுறும். சிறுநீர் கடுந்தேநீர் போலக் கறுத்து வெளிப்படும். தசையினின்று வெளியேறும் பொட்டாசியம் மிகுமாயின் நெஞ்சின் துடிப்பே நின்றுவிடவும் கூடும். நற்பேறாக அவ்வீரர் அனைவரும் நலம் பெற்றனர். வீரர்மேல் குற்றமில்லை என்றும், அப்பயிற்சியை இனி விட்டுவிடுதல் வேண்டும் என்றும் விசாரணைக் குழுவினர் கூறினர்.

தீங்குற்றவர் மெலியர் அல்லர் என்பதே இதில் எண்ணத்தக்கது. சில வாரம் பயிலாதிருந்த தசை, உள்ளத்தைப் போலப் பழைய வலிமையை நினைவில் வைத்திருப்பதில்லை. உள்ளமோ, 'முன்பு செய்தேனே, தோழன் செய்கின்றானே' என்று உந்தும். சூழ இருப்போர் எழுப்பும் ஆரவாரம் மன உறுதியை வளர்க்கும், தசைநாரை வளர்க்காது. அவ்விரண்டற்கும் இடைப்பட்ட வெளியிலேதான் கேடு நுழைகிறது. வலி என்பது உடல் விடுக்கும் ஓலை. கைதட்டலின் நடுவே அவ்வோலையைப் படிக்க எவர்க்கும் நேரம் இருப்பதில்லை.

கிராஸ்ஃபிட் பயில்வோரிடையே இந்நோயின் பெயரையே தாங்கிய கோமாளிப் படம் ஒன்று வழங்கி வந்தது. சிறுநீரகத்திற்கு மாற்றாக இயங்கும் பொறியோடு பிணைக்கப்பட்டுச் சோர்ந்து நிற்கும் கோமாளி அது. எச்சரிக்கைக்காகவே வரைந்தது என்பர். இருக்கலாம். ஆயின் எச்சரிக்கையை வேடிக்கையாக்கினால் அதுவே விருதாகி விடுகிறது. நோயுற்றவன் தன்னை வீரன் என்று எண்ணத் தலைப்படுகிறான்.

இதனால் இக்கூடங்களை மூடிவிடுதல் வேண்டும் என்பது கருத்தன்று. இவற்றில் நேரும் காயங்கள் பளுத்தூக்கல், சீருடற்பயிற்சி ஆகியவற்றில் நேர்வனவற்றை மிகவும் விஞ்சியன அல்ல என்றே ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. வேண்டுவது ஆசான் தகுதி. 'இன்னும் ஒரு முறை' என்று கூவுதற்கு யாரும் அமைவர். தோழர் அனைவரும் பார்த்திருக்க, ஒருவன் தோளைத் தொட்டு, 'பளுவைக் கீழே வை' என்று கூறவல்லவனே ஆசான். புதிதாய் வந்தவன், நோய் நீங்கி வந்தவன், நெடுநாள் விட்டு மீண்டவன் ஆகியோரை முதற் சில வாரம் பலகைக் கணக்கினின்று விலக்கி வைத்தல் நன்று. நேரத்தைக் குறிக்கும் பலகையில், தன் நிலை அறிந்து எடையைக் குறைத்தவன் பெயரையும் குறித்தால் என்ன? நெஞ்சுநோய் உடையோரும் முதியோரும் மருத்துவர் சொற்கேட்ட பின்னரே இதில் இறங்குதல் தகும்.

பள்ளிகளுக்கும் இது பொருந்தும். பயிலாத சிறுவரை நண்பகல் வெயிலில் நிறுத்தி நூறும் இருநூறுமாகத் தோப்புக்கரணம் இடச்செய்வது ஒழுக்கம் கற்பிப்பதாகாது. அயோவா வீரர்க்கு நேர்ந்தது அச்சிறுவர்க்கும் நேரலாம். வெயிலும் நீர்வேட்கையும் கூடினால் இடர் இன்னும் மிகும்.

கடும்பயிற்சிக்குப் பின் ஓரிரு நாள் மெல்லிய வலி இருத்தல் இயல்பே. தசை வீங்கிக் கையோ காலோ மடக்க இயலாது போயினும், சிறுநீர் கறுத்துக் காணப்பட்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். எந்தப் பயிற்சியை எத்தனை முறை செய்தோம் என்பதை நாணாமல் மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். காலத்தில் சென்றோர்க்கு நரம்பு வழியே நீர்மருந்து ஏற்றிச் சிறுநீரகத்தைக் காக்க இயலும்.