ராஜாக்களின் விளையாட்டும் 50 உணவுக் குடியானவனும்

தேவாரத்தில் அந்தி நேரம். ஏலத்தோட்டத்து ஜீப்புகள் மலையிலிருந்து இறங்குகின்றன. புளிமூட்டைபோல் அடைந்து வந்த பெண்கள் தலைத்துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் மகன், கல்லூரியில் படிக்கும் பையன், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ராஜ்யம் ஸ்தாபித்துக்கொண்டிருக்கிறான்!

விஷயம் இதுதான். கடையில் விற்கும் யுத்த விளையாட்டு ஒன்றை எடுத்து, அதில் தன் கற்பனை நாடுகளையும் படைகளையும் வம்சக் கதைகளையும் சேர்ப்பதற்கு 'மாட்' என்று பெயர். பையன் நோட்டைக் காட்டினான். சோழர் அணி, பாண்டியர் அணி, சேரர் அணி, போடிப் பாளையக்காரர் அணி. ஒவ்வொன்றுக்கும் கொடி, குலதெய்வம், ராஜ பரம்பரை. நன்றாகவே எழுதியிருந்தான், பொய் சொல்லமாட்டோம். ஆனால் நோட்டைக் கடைசிவரை புரட்டியும் அவன் தாயைப் போன்ற ஒரு மனுஷியைக் காணோம்.

குற்றம் பையனுடையதா? அவன் கண்ட முன்மாதிரி எது? மைக்ரோசாப்ட் கம்பெனியின் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டில் 2022 ஏப்ரலில் 'திராவிடர்' என்றோர் அணியைச் சேர்த்தார்கள. ராஜேந்திர சோழன் கதை உண்டு. சுருள்வாள் வீரன் உண்டு. குடியானவனும் உண்டு. எப்படி? 50 உணவு கொடுத்தால் ஒரு குடியானவன் பிறக்கிறான். அப்புறம் அவனுக்குக் கூலி இல்லை, சோறு இல்லை, தூக்கம் இல்லை. மரம் வெட்டு என்றால் வெட்டுவான். சுரங்கம் தோண்டு என்றால் தோண்டுவான். போனஸ் கேட்கமாட்டான்! மில் முதலாளியும் தோட்ட முதலாளியும் இரவில் காணும் கனவு இதுவல்லவா?

"வெறும் விளையாட்டுத்தானே, மாமா" என்கிறான் பையன். சரி, விளையாட்டுத்தான். நாமும் 2022ல் 'பொன்னியின் செல்வன்' படத்துக்கு டிக்கெட் எடுத்துக் கைதட்டியவர்கள்தாம். ஆனால் "ராஜராஜன் எங்கள் சாதி" என்று போட்டிபோட்டுப் போஸ்டர் ஒட்டும் சங்கங்கள் விளையாடவில்லையே! ஒரே ஜீப்பில் மலையேறும் ஜனங்களைக் கூலி கேட்கும் நாளில் நாலு ராஜாக்களின் வாரிசுகளாகப் பிரித்து நிறுத்தினால் லாபம் யாருக்கு?

அந்த ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டிலேயே 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற சொற்கள் இருக்கின்றன. பொற்காலமாம்!

நம் மேற்கு மலைக்கு வருவோம். பாண்டிய வம்சம் என்று சொல்லிக்கொண்ட பூஞ்சாறு ராஜா, 1877 ஜூலை 11ல் கண்ணன் தேவன் மலையை மன்றோ என்ற வெள்ளைக்காரனுக்குக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். வருஷத்துக்கு 3,000 ரூபாய்! அந்த மலையின் பெட்டிமுடி லயத்தில்தான் 2020 ஆகஸ்ட் 6ந் தேதி இரவு மண் சரிந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். இந்த அத்தியாயத்தை எந்த விளையாட்டில் எழுதினார்கள்?

அணிதானே வேண்டும்? சரித்திரத்திலேயே இருக்கிறது. வலங்கை 98 சாதி, இடங்கை 98 சாதி என்று தமிழ்நாட்டு ஜனங்கள் நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்டார்கள். 1429ல் அந்த இரண்டு அணியும் ஒன்றுகூடின! விஜயநகர அதிகாரிகளும், அவர்களோடு கைகோத்த பிராமண, வேளாளக் காணியாளரும் வரி வரியென்று உறிஞ்சியதை இனிப் பொறுப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். இன்ன விளைச்சலுக்கு இவ்வளவுதான் வரி என்று தாங்களே விகிதம் கட்டினார்கள். காணியாளருக்கு அடைக்கலம் தருவதில்லை, கணக்கு எழுதிக் கொடுப்பதில்லை என்று கட்டுப்பாடு செய்தார்கள். விருத்தாசலம், ஆடுதுறை, கொருக்கை கோயில்களில் கல்லில் வெட்டியும் வைத்தார்கள். கணக்கு எழுத ஆளில்லாவிட்டால் சுருள்வாளைச் சுழற்றியா வரி வசூலிப்பது?

இதைச் சொன்னதும் பையன், "அந்த அணிக்கு ராஜா யார்?" என்றான். ராஜா இல்லை என்றோம். "ராஜா இல்லாமல் விளையாட்டு ஓடாதே!"

ஓடும்படி எழுது என்றோம். குடியானவன் கையைக் கட்டி நின்றால் கஜானா காலி என்று ஒரு விதி போடு. 50 உணவு பத்தாது என்று அவன் வாய் திறக்கட்டும்.

அடுப்படியிலிருந்து அவன் தாய் குரல் கொடுத்தார்: "அப்படி வாய் திறந்ததுக்குத்தாண்ணே கங்காணி போன வாரம் ரெண்டு பேரை ஜீப்புல ஏத்தலை."

அந்த இருவர் விஷயமாக ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் கூடுகிறோம். பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.