தானாப் போற படைக்கு ஏன் இந்த விசாரணை?

உடம்பில ஒரு வட்டம் தெரிஞ்சால் போதும், எங்கட வீடுகளில் விசாரணை தொடங்கிவிடும். 'ஆரின்ர துவாயால துடைச்சனி?' 'எங்க போய்க் குளிச்சனி?' பொம்பிளைப் பிள்ளை எண்டால் இன்னொன்றும் சேரும்: 'வெளியில சொல்லிப்போடாத.'

பிட்டிரியாசிஸ் ரோசியா என்ற படையைப் பற்றித்தான் எழுதுகிறோம். 10 தொடக்கம் 35 வயது வரையானவர்களுக்கே இது கூடுதலாக வருகிறது. அதாவது எங்களுக்கு. முதலில் நெஞ்சிலோ முதுகிலோ ஒரு பெரிய நீள்வட்டத் திட்டு, ஓரத்தில் மெல்லிய செதில். ஒன்றிரண்டு கிழமையில் சின்னத் திட்டுகள் விலா எலும்பின் போக்கில் சாய்ந்து, நத்தார் மரக் கிளைகள் மாதிரிப் பரவும். சிலருக்குக் கடிக்கும். பெரும்பாலும் 6 தொடக்கம் 8 கிழமையில் தானாகவே போய்விடும். சிலருக்கு 3 மாதமும் எடுக்கும். அழுக்கால் வருவதில்லை. துவாயால் தொற்றுவதும் இல்லை. பிறகு விசாரணை எதற்கு?

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 1860இல் பிரான்ஸ் மருத்துவர் கமில் ஜிபேர் வைத்த பெயர் அது. 'ரோசியா' என்றால் ரோசா நிறம். வெள்ளைத் தோலைப் பார்த்து வைத்த பெயர். எங்கட தோலில் அது கபிலமாய், சாம்பலாய், கருப்பாய்த் தெரியும். இணையத்தில் கிடக்கிற ரோசா நிறப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர், 'இது அது இல்லை, படர்தாமரை' என்று முடிவெடுத்து பாமசிக்குப் போகிறார்.

அங்கே துண்டு கேட்காமலே ஒரு ரியூப் கொடுக்கிறார்கள். கடும் ஸ்டீரொய்டும் பங்கசு மருந்தும் கலந்தது. எட்டாம் கிழமை படை தன்பாட்டில் போகும், பேர் கிறீமுக்குப் போகும். பிறகு அந்த ரியூப் வீட்டுக்கே வைத்தியர். அக்காவின் முகத்துக்கும் அதுதான், தம்பியின் உண்மையான படர்தாமரைக்கும் அதுதான். முகத்தோல் மெலியும். படர்தாமரை மறைந்திருந்து பரவும். படை போன இடத்தில் சில மாதம் கருமை நிற்கும். அதற்கு வெள்ளையாக்கும் கிறீம் விற்க இன்னொருத்தர் வருவார். அந்தக் கருமையும் தானாகவே மங்கும்.

வைத்தியரிடம் போகவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒருக்கால் காட்டுங்கோ. அரச வைத்தியசாலையில் காசும் இல்லை. கர்ப்பிணியென்றால், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வந்தால், 3 மாதம் தாண்டினால் கட்டாயம் காட்டவேண்டும். சிபிலிஸ் என்ற பாலியல் தொற்றின் படையும் இதுபோல இருக்கலாம் என்பதால் இரத்தம் சோதிக்கச் சொல்லக்கூடும். அதைக் கேட்டு யாரும் குறுகத் தேவையில்லை. சிபிலிஸும் மருந்தால் மாறும். 'வெளியில சொல்லாத' என்று வளர்க்கப்பட்ட பிள்ளை அந்தச் சோதனைக்கு எப்படிப் போகும்?

ஆகவே, அடுத்தமுறை ஒரு சிநேகிதி தன் படையைக் காட்டினால், எப்படி வந்தது என்று கேட்காதேங்கோ. 'கடிக்குதா? டொக்டரிட்டப் போவமா?' எண்டு கேளுங்கோ. அது போதும்.